கிணத்தடியில ஒரு டாக்டோரல் கமிட்டி

ராத்திரி எந்திரிச்சு வெளிய போறவுக டார்ச் லைட்ட எடுத்துட்டுப் போங்க பிள்ளைகளா. தோட்டத்துக் கிணத்துக்குக் கைப்பிடிச் சுவரு கிடையாது. கல்யாணம், காதுகுத்துன்னு எத்தனையோ சனம் இங்க வந்து தங்கியிருக்கு. அவுக யாருக்கும் நான் இத இவ்வளவு அழுத்திச் சொன்னதில்ல. உங்க தத்துவக் கூட்டத்துக்கும் கிணத்துக்கும் ஆகாதாமே? என் பேத்திதான் சொன்னா. மேற்கத்தித் தத்துவத்துக்கே மொத ஆளு தேலீஸ்னு ஒருத்தராம்; நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டே நடந்து கிணத்துக்குள்ள விழுந்தாராம். நம்ம தேசத்துல நியாய சூத்திரம் பண்ணின கௌதமரும் யோசனையிலேயே நடந்து கிணத்துல விழுந்தாரு, சாமி மனசு இரங்கி அவரு பாதத்துல கண்ணு வச்சு விட்டுச்சுன்னு ஒரு கதை உண்டாம். கடல் கடந்து இருந்தாலும் விழுகுற விசயத்துல எவ்வளவு ஒத்துமை! உங்கள்ல யாரோ ஒருத்தரு கீழை மேலை ஒப்பீடு பண்றீகளாம்ல, அவரு இந்த இடத்துல இருந்தே தொடங்கலாம்.

தேலீஸ் விழுந்தத ஒரு வேலைக்காரப் பிள்ளை பாத்துட்டுச் சிரிச்சிருக்கா. காலடியில கிடக்கிறது தெரியாத மனுசனுக்கு வானத்துல இருக்கிறது தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டிருக்கா. பிளேட்டோ இதப் பெருந்தன்மையா எழுதி வச்சிருக்காரு. விழுந்தவரு பேரு 2,500 வருசம் தாண்டி நிக்குது. சிரிச்சவ பேரு இல்ல, திரேஸ் தேசத்துக்காரிங்கிறதோட சரி. இந்த அவமானத்துக்கு மருந்தா இன்னொரு கதையும் வச்சிருக்காக, அது அரிஸ்டாட்டில் சொன்னது. அடுத்த வெள்ளாமையில ஆலிவ் காய் அமோகமா இறங்கும்னு தேலீஸ் குளிர்காலத்துலேயே கணக்குப் போட்டு, ஊர்ச் செக்கு மொத்தத்தையும் சல்லிசா வாடகைக்குப் பிடிச்சுப் போட்டு, காய் இறங்கினதும் கேட்ட விலைக்கு விட்டாராம். தத்துவக்காரன் நினைச்சா சம்பாதிப்பான், ஆனா நினைக்கிறதில்லைன்னு காட்டுறதுக்காம். இந்தக் கதைய மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க. சடங்கு வீட்டுல ‘இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்’னு கேக்குற மாமாவுக்குச் சொல்ல ஆகும். அந்த மாமா ‘சரி மாப்ள, நீ எப்ப நினைக்கப் போற?’ன்னு திருப்பிக் கேட்டா மட்டும் இலையப் பாத்துச் சாப்பிடுங்க.

உங்க துறையில யாரு யாருக்கு எதுல ஆராய்ச்சின்னு பேத்தி நேத்து முழுப் பட்டியலும் வாசிச்சுக் காட்டினா. நனவு, அறிவு, அறம், மொழி, இருப்புன்னு தலைப்பெல்லாம் ஒசரத்துல இருக்கு. உள்ள என்னதான் இருக்குன்னு தோண்டித் தோண்டிக் கேட்டேன். கேக்கக் கேக்க எனக்கு ஒரு சந்தேகம் வந்து, அது உறுதியும் ஆயிருச்சு. மலையில புகை, அடுப்பங்கரையில நெருப்பு, கயிறு, பாம்பு, குடம், மண்ணு, கோழி, ஆடு, காக்கா, கழுதை. ஏய்யா, எங்க வீட்டுச் சாமான்லதானே நீங்க எல்லாரும் குடித்தனம் பண்றீக! 2,500 வருசமா வாங்கிட்டுப் போன பொருளு, ஒண்ணும் திரும்பி வரல. வாடகை கேக்க மாட்டேன். எடுத்துட்டுப் போன பொருளு எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துட்டாவது எழுதுங்கன்னுதான் கேக்குறேன்.

கயித்தையே எடுத்துக்கோ. அரை இருட்டு, வழியில கயிறு கிடக்கு, ஒருத்தன் பாம்புன்னு அலறுறான், விளக்கக் கொண்டாந்தா கயிறு. உலகத்த நாம பாக்குறதும் இப்படித்தான்னு அத்வைதக்காரவுக சொல்றாக. சரி, ஒத்துக்கிட்டேன். பாம்பக் கயிறுன்னு நினைச்சு எடுத்தவனப் பத்தி ஏன் ஒரு பாஷ்யமும் இல்ல? எழுதுறதுக்கு அவன் இருந்தாத்தானே! எங்க ஊர்ல ரெண்டு வகையும் நடந்திருக்கு. மொத வகை ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணி போதும். ரெண்டாம் வகை ஆளக் கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். ரெண்டும் பொய்யறிவுதான், ரெண்டும் இருட்டுலதான். ஆனா எந்தப் பக்கம் தப்புப் பண்ணினா உசுரு மிஞ்சும்னு எங்க சனத்துக்குத் தெரியும். அதனாலதான் எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூட ‘கயிறா இருந்தாலும் தாண்டாம போ’ன்னு சொல்லிக் கொடுக்கிறோம். உங்கள்ல ஒருத்தர் அதுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம்.

என் பேத்தி தாயி, உன் தலைப்புக்கு வாரேன். முகத்தத் திருப்பாத. உவமானம், அதானே? ஊர்க்காரன் ஒருத்தனுக்கு கவயம்னா என்னன்னு தெரியாது. காட்டுக்காரன் ஒருத்தன், அது பசு மாதிரி இருக்கும்னு சொல்லி விடுறான். இவன் காட்டுக்குப் போறான், பசுச் சாயல்ல ஒண்ணு நிக்குது, ஓகோ இதான் கவயம்னு தெரிஞ்சுக்கிறான். இந்த அறிவு எந்தக் கணக்குல சேத்தின்னு அன்னைக்குத் தொடங்கின சண்டை. தனிப் பிரமாணம், அதாவது அறியிறதுக்குத் தனி வழின்னு நியாயக்காரன் சொல்றான், அதெல்லாம் அனுமானத்துக்குள்ள அடக்கம்னு வைசேடிகக்காரன் சொல்றான். ஊர்க்காரனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நூறு உரை. காட்டுக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு யாராவது கேட்டீகளா? அவனுக்கு யாரும் உவமை சொல்லல. அதுகிட்ட மிதி வாங்கியிருப்பான். உன் ஆய்வேட்டுல அந்த ஆளுக்கு ஒரு பக்கம் கொடு. பேரு தெரியாட்டியும் பரவாயில்ல, அந்தத் திரேஸ் தேசத்துப் பிள்ளை பக்கத்துல உக்கார வை.

அடுத்தது யாரு, அந்தக் கண்ணாடி போட்ட தம்பியா. எட்மண்ட் கெட்டியர்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு 1963ல எழுதின மூணு பக்கத்துல ஆராய்ச்சியாம். மூணே பக்கம்! ஒருத்தன் நம்புறது உண்மையாவும் இருந்து, நம்புறதுக்குக் காரணமும் இருந்தா அதுக்குப் பேரு அறிவுன்னு வச்சிருந்தாக. அந்த மூணும் சேந்தும் அறிவாகாம போற இடம் உண்டுன்னு அவரு ரெண்டு உதாரணம் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதையே அவரு வேலை நிலைக்கணும்னா ஏதாவது அச்சுல வந்தாகணும்ங்கிற நெருக்கடியிலதான் எழுதினாருன்னு சொல்றாக. அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் எழுதல, 2021ல காலமாயிட்டாரு. அவரு கழட்டிப் போட்ட திருகாணிய மாட்டுறதுக்கு இத்தனை வருசமா உலகம் பூரா ஆளு வேலை செய்யுது. நீயும் அதுல ஒருத்தன். தம்பி, நான் ஒண்ணு கேக்கட்டுமா? மூணு பக்கத்த விளக்க முந்நூறு பக்கம் எழுதப் போறியே, உன் முந்நூற விளக்க யாரு வருவா?

இதே சங்கதில ஆடும் உண்டு. வயல்ல ஆடு நிக்குதுன்னு ஒருத்தன் நினைக்கிறான். அவன் பாத்தது நாய். ஆனா மேட்டுக்குப் பின்னால அவன் கண்ணுல படாம நெசமாவே ஒரு ஆடு நிக்குது. அப்ப அவனுக்கு ஆடு இருக்குன்னு தெரியுமா தெரியாதான்னு கேள்வி. நான் அதுக்கு முந்தின கேள்வியக் கேக்குறேன்: ஆட்டுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதவன மேய்ச்சக் காட்டுக்கு அனுப்பினது யாரு? நம்ம நாட்டு உதாரணம் இதைவிட நயம். எட்டாம் நூத்தாண்டுல காஷ்மீரத்துல தர்மோத்தரர்னு ஒரு பவுத்தப் பண்டிதர். கறி சுட நெருப்பு மூட்டியிருக்கு, இன்னும் புகை வரல. கறி வாடைக்குப் பூச்சி கூட்டமா மொய்க்குது. தூரத்துல நிக்கிறவன் அதப் புகைன்னு நினைச்சு, அங்க நெருப்பு இருக்குன்னு முடிவு பண்றான். நெருப்பு நெசமாவே இருக்கு. ஆனா அவனுக்குத் தெரிஞ்சதுன்னு சொல்ல முடியுமா? கெட்டியருக்கு ஆயிரத்துச் சொச்சம் வருசம் முந்தியே கேட்டுட்டாரு மனுசன். இது பாத்து எழுதினது, எனக்குத் தெரியும். சுட்ட கறிக்குப் பூச்சி எப்படி வரும்னு பக்கத்துல நின்னு பாத்தவன்தான் எழுத முடியும். பவுத்தப் பண்டிதருக்கு அங்க என்ன சோலின்னு நான் கேக்கல.

இப்பக் கோழி. ரசல் துரை 1912ல எழுதின சின்னப் புத்தகத்துல ஒரு கோழி வருது. தெனமும் ஒருத்தன் தீனி போடுறான், கோழி அவன நம்புது, ஒரு நாள் அதே ஆளு கழுத்தத் திருகிடுறான். நேத்து வரைக்கும் நடந்ததால நாளைக்கும் நடக்கும்னு நம்பாதேங்கிறது பாடம். பாவம், அது என்ன சீமைக் கோழியோ. நாட்டுக்கோழி அவ்வளவு கேணை இல்லப்பா. தீனி போடுற கையி எது, பிடிக்க வர்ற கையி எதுன்னு அதுக்குத் தெரியும். முந்தாநேத்து நீங்க பெட்டியோட வந்து இறங்கினீகளே, எங்க சேவல் என்ன பண்ணுச்சு, பாத்தீகளா? நேரா கூரை மேல ஏறிருச்சு, பொழுதடைஞ்சும் இறங்கல. விருந்தாளி வந்தா என்ன நடக்கும்னு அது தீனியோட சேத்து இன்னொரு கணக்கும் வச்சிருக்கு. ரசல் தீனிய மட்டும் எண்ணிட்டாரு.

உங்க ஆளுகள்ல கோழி பிடிக்கத் தெரிஞ்சவரு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். டயோஜெனீஸ். மனுசன்னா இறகு இல்லாத, ரெண்டு காலு உள்ள பிராணின்னு பிளேட்டோ சொல்லி, சீடப்பிள்ளைக எல்லாம் கை தட்டியிருக்காக. இவரு ஒரு சேவலப் பிடிச்சு, இறகப் பூராப் பிச்சுட்டு, அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுபோயி, இந்தா உங்க மனுசன்னு விட்டுட்டாராம். அப்புறம் ‘அகலமான நகம் உள்ள’ன்னு ஒரு வரி சேத்தாகளாம். உங்க கருத்தரங்குல இப்படி ஒண்ணு நடந்து நான் கேள்விப்பட்டதில்ல. ‘வேற பார்வையிலயும் இத அணுகலாம்’னு யாராவது சொல்லுவாக, எல்லாரும் தலைய ஆட்டிட்டு டீ குடிக்கப் போயிருவீக.

டிராலி மாப்பிள்ள, ஒளியாத, முன்னால வா. உன் விசயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிரேக் இல்லாத வண்டி ஓடியாருது. நேராப் போனா அஞ்சு பேரு சாவான். திருப்பி விட்டா ஒருத்தன் சாவான். நீ என்ன பண்ணுவ? பிலிப்பா ஃபுட்னு ஒரு அம்மா 1967ல கிளப்பிவிட்டது. அப்புறம் ஜூடித் தாம்சன் அம்மா வந்து, பாலத்து மேல நிக்கிற தடிச்ச மனுசனத் தள்ளிவிட்டா வண்டி நிக்கும், தள்ளலாமான்னு கேட்டாக. திருப்பலாம்ங்கிறவன்கூடத் தள்ள மாட்டேங்கிறானே, ஏன்னு அம்பது வருசத்துக்கு மேல பேசுறீக. நல்ல கேள்வி, நான் இல்லேங்கல. எனக்கும் ராத்திரி தூக்கம் வரல. ஆனா என் மூத்த மருமகன் ரயில்வேல கேங்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருகிட்டக் கேட்டேன். அவரு அஞ்சா ஒண்ணான்னு யோசிக்கவே இல்ல. ‘தண்டவாளத்துல ஆளு வேலை செய்யும்போது சிவப்புக் கொடி பிடிக்க எவனையும் நிறுத்தலையா மாமா?’ன்னாரு. பாயின்ட்ஸ்மேன் நிக்க வேண்டிய இடத்துல வழிப்போக்கன் கையில லீவரக் கொடுத்தது யாரு? பிரேக்கு கடைசியா எப்பப் பாத்தாக? ஒத்தையில ஒருத்தன அந்தப் பக்கத்துத் தடத்துல இறக்கிவிட்ட மேஸ்திரி யாரு?

இதத்தான் நான் உன்கிட்டக் கேட்டேன், நீ என்ன சொன்ன? ‘தாத்தா, அதெல்லாம் இந்த உதாரணத்துல கேக்கக் கூடாது’ன்ன. அது ஏன்னு எனக்கும் புரியுது. ஒரு முடிச்ச அவுக்கணும்னா மத்த நூலையெல்லாம் ஒதுக்கி வைக்கணும்தான். ஆனா ‘அதெல்லாம் கேக்கக் கூடாது’ங்கிற பேச்ச நான் இதுக்கு முந்தியும் கேட்டிருக்கேன் மாப்ள. களத்துல கூலி அளக்கும்போது பண்ணையாரு சொல்லுவாரு. ‘இருக்கிறது இவ்வளவுதான், அஞ்சு பேருக்குக் கொடுக்கவா, ஒருத்தனுக்குக் கொடுக்கவா, நீயே சொல்லு’ம்பாரு. ஏன் இவ்வளவுதான் இருக்குன்னு கேட்டவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. உன் ஆய்வேட்டுல அஞ்சாம் அத்தியாயம்னு ஒண்ணு இருக்கும்ல, அங்கனயாவது அந்தக் கொடிக்காரன வரச் சொல்லு.

ஏஐ அறம் பண்ற தம்பிக்கும் இதே பதில்தான். டிரைவர் இல்லாத காரு யார இடிக்கலாம்னு கேக்குறதுக்கு முன்னால, டிரைவர எறக்கி விட்டது யாருன்னு ஒரு வரி எழுதிப்புடு. உனக்கு வேலை சுலபமாக் கிடைக்கும்னு கேள்வி, அதனால உனக்கு அறிவுரை தேவையில்ல.

அடுத்த தம்பிக்கு வவ்வாலு. தாமஸ் நேகல் 1974ல கேட்டது: வவ்வாலா இருக்கிறது வவ்வாலுக்கு எப்படி இருக்கும்? மூளைய எவ்வளவு அறுத்துப் பாத்தாலும் அது தெரியாதுன்னாரு. இந்தத் தம்பி அத நாலு வருசமா யோசிக்கிறாரு, முகம் அந்தக் களைக்கு வந்துருச்சு. நம்ம தமிழ்நாட்டுலேயே சில ஊர்ல ஆலமரத்துல தொங்குற வவ்வால் பயந்துரும்னு தீவாளிக்கு வெடி போடுறதில்ல. அந்தச் சனம் நேகலப் படிக்கல, வவ்வாலா இருந்தா எப்படி இருக்கும்னு கண்டுபிடிச்சுட்டதாவும் சொல்லிக்கல. தெரியாமலேயே ஒரு முடிவுக்கு வந்துட்டாக. தெரியாத ஒண்ணுகிட்ட எப்படி நடந்துக்கிறதுன்னு ஒரு அத்தியாயம் வேணும்னா அந்த ஊர்ல போயி உக்காரு. பஸ் சார்ஜ் நான் தாரேன்.

ஒப்பீட்டுத் தம்பிதான் எனக்குக் கவலை. சங்கரரும் காண்ட்டும், ஓர் ஒப்பாய்வு. ஒருத்தரு காலடியில பிறந்து தேசம் பூரா நடந்தவருன்னு சொல்றாக. இன்னொருத்தரு கோனிக்ஸ்பெர்க்க விட்டு ரொம்பத் தூரம் போகாதவரு. இவுக ரெண்டு பேரும் உன் நாலாம் அத்தியாயத்துல சந்திக்கிறாக. மொத அத்தியாயம் அறிமுகம், ரெண்டாவது இவரு, மூணாவது அவரு, நாலாவது ரெண்டு பேரும், அஞ்சாவது ‘ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு’. ஏலே, இது எனக்கும் எங்க கடாவுக்கும் நடுவுலகூட உண்டுடா! சண்டை எங்க? அவரு சொன்னத இவரு கேட்டா எந்த வார்த்தையில கோவம் வரும்? அத எழுதாம என்ன ஒப்பீடு?

ராதாகிருஷ்ணன் கதையக் கேளு. திருத்தணிக்காரரு. பணம் இல்லாத குடும்பம். படிச்சு முடிச்ச சொந்தக்காரப் பையன் ஒருத்தன் தன்னோட தத்துவப் பாடப் புத்தகத்தக் கொடுத்திருக்கான், புத்தகச் செலவு மிச்சம்னு தத்துவம் எடுத்தாரு. நீங்க ‘ஆராய்ச்சி ஆர்வம்’னு பாரம் பாரமா எழுதுறீகளே, அவரு ஆர்வம் ஓசிப் புத்தகம். ஆனா மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியில எம்.ஏ.வுக்கு 1908ல எழுதினாரு பாருங்க, வேதாந்தத்துல அறத்துக்கு இடமே இல்லைன்னு பாதிரிமாரு சொல்லிக்கிட்டு இருந்ததுக்கு அது பதிலு. அப்ப அவருக்கு வயசு 20. படிக்க வந்தது ஓசியில, எழுதினது ரோசத்துல. அப்புறம் அவரு ஆக்ஸ்போர்டுல வாத்தியாரானாரு, தேசத்துக்கே ஜனாதிபதியானாரு. 1927ல தொடங்கின சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவத் துறை 1964ல உயராய்வு மையமாகி, பின்னால அவரு பேரையே வச்சுக்கிட்டுச் சேப்பாக்கத்துல நிக்குது. உனக்கு ரோசம் வர்ற மாதிரி யாரு என்ன சொன்னா? அத ஒரு தாள்ல எழுது. எழுத ஒண்ணும் இல்லைன்னா தலைப்ப மாத்து, கைடு காலுல விழுந்தாவது மாத்து.

ரோசம் வந்துட்டா எதிராளியப் பேச விடாம மிதிக்கத் தோணும், அதுக்கும் ஒரு கடிவாளம் வேணும். அருள்நந்தி சிவாச்சாரியாரு சிவஞான சித்தியார்ங்கிற சைவ நூல எப்படி அமைச்சாரு? தன் கட்சியச் சொல்ற சுபக்கம் பின்னாலதான். முன்னால பரபக்கம், கண்ணுக்குத் தெரியிற உலகம்தான் எல்லாம்ங்கிற லோகாயதன்ல தொடங்கி 14 கட்சிக்காரன வரிசையா நிறுத்தி, அவனவன் சொல்றத மொதல்ல சொல்லி, அப்புறம்தான் மறுக்கிறாரு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. லோகாயதக்காரன் எழுதின மூல நூலு அநேகமா அழிஞ்சுபோச்சு. அவன் என்ன சொன்னான்னு இன்னைக்கு நாம தெரிஞ்சுக்கிறது முக்கால்வாசி அவன மறுத்தவுக எழுதி வச்சதுலதான். ஆக, எதிராளி பேச்ச ஒழுங்காச் சொல்லுங்க. அவன் பிழைச்சுக் கிடக்கிறது உங்க ஏட்டுலயாத்தான் இருக்கும்.

பரீட்சை விசயம் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். நெட் தேர்வுக்கு 150 கேள்வி, மூணு மணி நேரம், கேள்விக்கு ரெண்டு மார்க். 2,500 வருசமாத் தீராத வழக்குக்கு நாலு விடையில ஒண்ண அமுக்கணுமாம். தப்பா அமுக்கினா மார்க் குறைக்கிறதில்லையாம். அந்தக் கருணை மட்டும் தத்துவத்துக்குப் பொருத்தமா இருக்கு. ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைச்சவனுக்கு 2023லேர்ந்து மாசம் 37,000, ரெண்டு வருசம் கழிச்சு 42,000. கிடைக்காதவன் கிடைச்சவனோட அறையிலேயே தங்கி, அதே புத்தகத்தப் படிச்சு, அதே டீயக் குடிச்சுக்கிட்டு இருக்கான். விநியோக நீதி பத்தி ஆராய்ச்சி பண்றவுக யாராவது உங்கள்ல இருந்தா, டீக்காசு யாரு கொடுக்கிறான்னு மொதல்ல பாத்து வையுங்க.

கைடு விசயத்துல ஒரு சூட்சுமம். அத்தியாயம் கொடுக்கும்போது ரெண்டாம் பக்கத்துல, கண்ணுல படுற இடத்துல, ஒரு தப்ப விட்டு வை. அதப் பிடிச்ச சந்தோசத்துல மனுசன் இருபதாம் பக்கத்துல கை வைக்க மாட்டாரு. நான் அந்தக் காலத்துல வரவு செலவு நோட்ட எங்க அய்யாகிட்டக் காட்டும்போது இப்படித்தான் கூட்டல்ல ஒரு ரூவாய முன்னால விட்டு வைப்பேன். அவரு செத்து இத்தனை வருசத்துக்கு அப்புறம் இப்பத்தான் யோசிக்கிறேன், அவரும் தெரிஞ்சேதான் அந்த ஒரு ரூவாயோட நிறுத்தியிருப்பாரு. உங்க கைடும் அப்படிப்பட்ட ஆளா இருந்துட்டா உங்க யோகம்.

தாயி, உனக்குத் தனியா ஒண்ணு. நம்ம தமிழ்ல மொத ஆராய்ச்சி மாணவி மணிமேகலைதான். வஞ்சி மாநகரத்துல கட்சிக்காரவுக ஒவ்வொருத்தரு வாசலா ஏறி, உன் சரக்கு என்ன, சொல்லுன்னு கேட்டுக்கிட்டே போறா. அளவைவாதி, சைவவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், ஒருத்தரையும் விடல. நீ ஒரு துறைக்குள்ள போறதுக்கே அஞ்சு பாரம் நிரப்புன. அவளுக்கு வேற தொல்லை; இளம் பொம்பளைப் பிள்ளைன்னா எவனும் விசயத்தச் சொல்ல மாட்டான்னு முன்கூட்டியே தெய்வம் எச்சரிச்சு, வேசம் மாத்துற மந்திரமும் கொடுத்துச்சு; பெரிய தவசி வேசத்துலதான் போயி நிக்கிறா. கடைசியா பூதவாதி வாறான். கண்ணால பாக்குறதுதான் உண்டு, மத்ததெல்லாம் இல்லைங்கிறான். இவளுக்குச் சிரிப்பு. உன்னப் பெத்தவுகள அனுமானத்தால இல்லாம வேற எப்படி அறிஞ்சேன்னு ஒரே ஒரு கேள்வி. பாத்தியா, அவ ஒரு மலையையும் புகையையும் தேடிப் போகல, எதிர்ல நிக்கிறவன் பிறந்த கதையையே எடுத்து அவன் முன்னால வச்சுட்டா. உன் துறையில பேசும்போது உன் குரல ஆம்பளைக் குரலா மாத்திக்கிட்டுத்தான் பேச வேண்டியிருக்குன்னு அன்னைக்கு போன்ல உங்க ஆச்சிகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்த. எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சுட்ட. வேசம் அவளுக்குக் கேள்வி கேக்குற வரைக்கும்தான் தேவைப்பட்டுச்சு. கேட்டு முடிச்சதும் கலைச்சுட்டுத் தன் வேலையப் பாக்கப் போயிட்டா.

அப்புறம் அந்த வைவா. பொது வாய்மொழித் தேர்வுன்னு நோட்டீஸ் போடுவாகளாமே, வெளியாளும் வந்து உக்காரலாமாமே. சபையில இருந்து கேள்வியே வராமப் போனா நல்லா இருக்காதுன்னு, கூட்டாளிமாருக்கு முதநாளே கேள்விய எழுதிக் கொடுத்து வைக்கிற வழக்கமும் உண்டாம். தப்பில்ல, எங்க ஊர்ப் பட்டிமன்றத்துல கை தட்டுறவனுக்கே முன்கூட்டிச் சொல்லித்தான் வைப்போம். எனக்கு ஒண்ணும் எழுதித் தர வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடிய எழும்பூரு. வந்து கடைசி வரிசையில உக்காருவேன், ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பேன். இன்னைக்குக் கேட்டதெல்லாம் இல்ல, அது வேற. என்னன்னு இப்பச் சொன்னா விடிய விடிய உக்காந்து பதிலத் தயார் பண்ணிருவீக. சமோசாவுக்கு ஆளு எண்ணும்போது மட்டும் என்னையும் சேத்துக்கோங்க.